கோபம் வராத மாப்பிள்ளை

டோராலிசிக்கு வாய் உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் அனேசியோவுக்கு வாய் உண்டா என்பதில்தான் இரண்டு கருத்து இருந்தது.

இத்தனைக்கும் அனேசியோதான் ஊர்த் தலைவர். ஒன்பது வீடுகள், நாற்பத்தோரு பேர், பதினேழு நாய்கள், எண்ணி முடியாத வளர்ப்புக் குரங்குகள் எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன. எங்கள் மேட்டுச் சமவெளியில் தலைவன் ஆவதற்கு ஒரே தகுதி, கேட்டதைக் கொடுப்பது. கொடுக்காத தலைவனை யாரும் திட்டக்கூட மாட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தக் கணக்கில் அனேசியோவை மிஞ்ச ஆள் கிடையாது. அம்பு கேட்டால் அம்பு, வில் கேட்டால் வில், தின்றுகொண்டிருக்கும் கறியைக் கேட்டால் கடித்த இடத்தைத் துடைத்துவிட்டுக் கறி. அவருடைய ஒரே நல்ல சட்டையை டோராலிசி தன் கூடையின் அடியில் ஒளித்து வைத்தாள். மறுநாள் அது அவர் தம்பி ஒஸ்மாரின் உடம்பில் இருந்தது. ஒளித்து வைத்த இடத்தைச் சொல்லிக்கொடுத்ததே அனேசியோதான்.

டோராலிசி, அனேசியோ என்பதெல்லாம் சுகாதார நிலையத்து நோட்டில் எழுதுவதற்காக வைத்த பெயர்கள். உண்மைப் பெயர் எல்லோருக்கும் உண்டு. அதை நான் சொல்லப் போவதில்லை, நீங்கள் கேட்பதும் அழகில்லை.

கோடை பாதி கடந்திருந்தபோது ஒரு நாள் காலையில் சுகாதார நிலையத்து ரேடியோவில் சேதி வந்தது. டோராலிசியின் அண்ணன் ஜுராந்திர் நான்கு நாளில் வருகிறான். லாரியில் முப்பது பேர். மகள் இவோனியும் வருகிறாள். திரும்பும் வழியில் ஆற்றங்கரை ஊருக்குப் போய் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறதாம்.

அந்தக் கடைசி வரி எதைப் பற்றியது என்று டோராலிசிக்கு உடனே புரிந்துவிட்டது. ஆற்றங்கரைக்காரர்கள் இவோனியைப் பெண் கேட்டிருக்கிறார்கள் என்பது அவள் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. டோராலிசியின் மகன் வால்மீருக்கு வயது இருபது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவன் மாமன் மகளைப் 'பெண்டாட்டி' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறான். எங்களுக்குள் மாமன் மகளை வேறு எப்படிக் கூப்பிடுவது. மழைக்காலத்தில் அவள் பெரியவளாகி, ஓலைக்குடிசைக்குள் மூன்று மாதம் இருந்து, விழா எடுத்து வெளியே வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை. வேட்டைக்குப் போய்விட்டுக் கையில் அம்பு இல்லாமல் வந்து நிற்கிறான்.

எல்லாம் போன தடவை அனேசியோ செய்த காரியத்தால் வந்த வினை.

இரண்டு ஊர் சந்தித்தால் முதலில் சண்டை போட வேண்டும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். வந்தவர்கள் எழுந்து நின்று, இருக்கும் குறை எல்லாவற்றையும் தொண்டை கிழியச் சொல்ல வேண்டும். பிறகு இந்தப் பக்கத்துத் தலைவன் எழுந்து அதற்கு ஒன்றரை மடங்கு சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தொண்டை கட்டிய பிறகு, யாராவது ஒருவன் எதிராளியின் மாலையைத் தொட்டு, 'இது என்ன மணி, காட்டு' என்பான். அதோடு கோபம் இறங்கிவிடும். அப்புறம் ஒருவருக்கொருவர் கையில் இருப்பதைக் கொடுப்பது, தின்பது, பெண் பேசுவது எல்லாம்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஜுராந்திர் வந்து அரை நாள் திட்டினான். அருமையான திட்டு. திட்டி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்காக ஆவலோடு உட்கார்ந்தான். அனேசியோ எழுந்தார். தொண்டையைச் செருமினார். "நீ சொல்றதெல்லாம் சரிதான் மச்சான். தப்பு எங்க மேலதான். வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட வாங்க" என்றார்.

ஜுராந்திரின் முகம் செத்துப்போனது. "எங்க மேல கோவப்படக்கூட உனக்கு மனசு வரலையா மாப்ள? நாங்க அவ்வளவு அன்னியமா போயிட்டோமா?" என்று கேட்டான். பெண்கள் கூடைகளைத் தூக்கினார்கள். சோளம் போட்டுக் காய்ச்சிய மரவள்ளிக் கஞ்சியில் ஒரு வாய்கூடக் குடிக்காமல் எல்லோரும் லாரி ஏறினார்கள். அன்றிலிருந்து அண்ணனிடமிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

ஆகவே, ரேடியோ சேதி வந்த அன்று மத்தியானமே டோராலிசி புருஷனை மரத்தடியில் உட்காரவைத்தாள்.

"ஏய்யா, கோவம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. நீ படுவியே, அது."

"அதை நீ படணும். நாலாம் நாளு. எங்க அண்ணன் முன்னாடி."

"எதுக்குப் படணும் புள்ள?"

"காரணம் நான் தர்றேன். விரலை நீட்டு." அவர் நீட்டினார். அவள் முதல் விரலைப் பிடித்தாள். "ஒண்ணு. பிள்ளைக்கு விழா எடுத்தப்போ நம்மளைக் கூப்பிடல. அத்தைக்காரி நான் இல்லாம அவளை வெளிய கொண்டுவந்திருக்காங்க."

"கூப்பிட்டிருந்தா மட்டும் எப்படிப் போறது? பாலம் உடைஞ்சுல்ல கெடந்துச்சு."

"அது அவனுக்குத் தெரியாதுல்ல."

"தெரியுமே. ரேடியோவுல நான்தான் சொன்னேன்."

டோராலிசி விரலை விட்டுவிட்டாள். "அவன்கூட எப்ப பேசின நீ?"

"அவன்கூட எங்க பேசினேன். சும்மா காத்துல சொல்லிவச்சேன், பாலம் உடைஞ்சிருக்கு, இந்தப் பக்கம் யாரும் லாரியில வராதீங்கன்னு. கேக்குறவங்க கேட்டுக்கட்டும்னு."

அவள் மூச்சை இழுத்து விட்டு இரண்டாம் விரலைப் பிடித்தாள். "ரெண்டு. நம்ம செவலை நாயை இழுத்துட்டுப் போனாங்க."

"இழுக்கல புள்ள. லாரி பின்னாடி அதுவா ஓடுச்சு. அவங்க ஊர்ல எலும்பு நல்லா கெடைக்கும்."

"மூணு. தேன் மரத்தைச் சாச்சுட்டாங்க."

"அது மின்னல் விழுந்து சாஞ்சது."

"மின்னல் எங்க இருந்து வந்துச்சு?"

"மேல இருந்து."

"அவங்க பக்கத்துல இருந்து வந்துச்சு," என்றாள் டோராலிசி. "அவ்வளவுதான் நீ தெரிஞ்சுக்க வேண்டியது. விழா, நாயி, மரம். சொல்லு."

"விழா, நாயி, மரம்," என்றார் அனேசியோ, காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்குகிறவரைப் போல.

அவருடைய தம்பி ஒஸ்மார், அந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, நான் வேணா பேசட்டுமா? எனக்குக் கோவம் நல்லா வரும்."

"உனக்கு வந்து என்ன செய்ய? அன்னிக்குப் பேசாம நின்ன வாய்தான் இன்னிக்குப் பேசணும். நீ பேசினா, 'தலைவனுக்கு எங்க மேல இன்னும் மனசு வரல, கூலிக்கு ஆள் வச்சுத் திட்டுறான்'னு எங்க அண்ணன் கெளம்பிருவான்."

மரவள்ளித் தோட்டத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. அதுதான் ஜுராந்திர் என்று வைத்துக்கொண்டு பழகச் சொன்னாள். அனேசியோ மறுப்பேதும் சொல்லாமல் போனார். கேட்டால் கொடுக்கிற மனுஷன், கோபத்தை மட்டும் இல்லை என்பாரா. அவரால் முடிந்ததைச் செய்தார்.

இரண்டாம் நாள் டோராலிசி மரவள்ளிச் செடிகளுக்குள் பதுங்கிப் போய்ப் பார்த்தாள். அனேசியோ புற்றுக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றார். நிற்கிற விதம் சரியாகத்தான் இருந்தது. "மச்சான்," என்று உரக்கக் கூப்பிட்டார். "நீ என்னை..." பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. "...ரெண்டு வருசமா பாக்கவே இல்லையே. இளைச்சுப் போயிட்டியே மச்சான்." சொல்லிவிட்டுப் புற்றின் தோளில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டார்.

டோராலிசி அங்கேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இவ்வளவு நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் எப்படித்தான் குடும்பம் நடத்துவது.

நான்காம் நாள் சோயா வயல்களைச் சுற்றிக்கொண்டு லாரி வந்தது. புழுதி முதலில் வந்தது, நாய்களின் குரைப்பு அடுத்து வந்தது, லாரி கடைசியில் வந்தது. திடலின் அந்த ஓரத்தில் இறங்கினார்கள். பெண்கள் கூடைகளை இறக்கி, தலையில் தொற்றியிருந்த குரங்குகளை இறக்கி, இந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் விசாரிக்கவில்லை. அதுதான் முறை. செவலை நாய் மட்டும் முறை தெரியாமல் ஓடிவந்து அனேசியோவின் காலை நக்கியது. அவர் குனிந்து அதைத் தடவப் போனார். டோராலிசி பின்னாலிருந்து அவர் முதுகில் விரலால் குத்தினாள்.

அவளும் அண்ணனை நேராகப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். தலை நரைத்திருந்தது. இடது காலை லேசாக இழுத்து நடந்தான். இந்தக் கால் எப்போது இப்படி ஆனது, யார் மருந்து போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்தவனுடைய கால் வலி தெரியாமல் இரண்டு வருடம் போயிருக்கிறது. இவோனி தன் அம்மா செலினாவின் பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். வால்மீர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். தூண் அவனைவிட ஒல்லி.

ஜுராந்திர் எழுந்தான்.

"இவங்கல்லாம் மனுசங்களா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டான். "ரெண்டு கோடை. ஒரு சேதி உண்டா? எங்க ஊருக்கு வர்ற வழியில என்ன, முள்ளா வெட்டிப் போட்டிருக்கு? நான் மரத்துல இருந்து விழுந்தேன். கால் போச்சு. இங்க எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. வந்து எட்டிப் பாத்தாளா? செத்திருந்தா வந்திருப்பா, சாவு வீட்டுக் கறியில பங்கு கேக்க." தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். "போன தடவை வந்தோம். கஞ்சி காச்சி வச்சிருந்தாங்க. நாங்க குடிக்கல. ஏன் குடிக்கல? மோந்து பாத்தப்பவே தெரிஞ்சுது. தண்ணியில மரவள்ளியைக் காட்டிட்டு எடுத்திருக்காங்க."

அவன் பக்கம் எல்லோரும் உறுமினார்கள். டோராலிசிக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவின் தொண்டை அப்படியே இருந்தது. மரத்தின் நிழல் திடலில் ஒரு ஆள் நீளத்துக்கு நகரும்வரை பேசினான், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல். முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அனேசியோவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததை டோராலிசி கண்டுகொண்டாள். அண்ணனுக்கும் இது முடியவேண்டும், அவன் மட்டும் என்ன, ஆற்றங்கரைக்குப் பெண் கொடுக்கவா ஆசைப்பட்டு வந்தான்.

அனேசியோ எழுந்தார். விரல்களைப் பார்த்தார்.

"விழா," என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"விழா எடுத்தீங்க. நல்லா நடந்துச்சாமே. கேள்விப்பட்டேன்."

"கூப்பிடல," என்று டோராலிசி பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமா. கூப்பிடல. பாலம் வேற..."

"நாயி. நாயைச் சொல்லு."

"நாயி," என்றார் அனேசியோ. செவலை நாய் வாலை ஆட்டியது. "நல்லா தேறியிருக்கு மச்சான். நீ நல்லா பாத்துக்கறன்னு தெரியுது."

ஒஸ்மார் முகத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான். எதிர்ப்பக்கத்தில் செலினா தன் குரங்கை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் கூடையின் பட்டையை நெற்றிக்கு மாட்டினார்கள். ஜுராந்திர் தரையைப் பார்த்தான். லாரிக்காரன் எழுந்து உட்காரும் இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டான். டோராலிசிக்குக் கண் முன்னால் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது: அண்ணன் போகிறான், இவோனி போகிறாள், மகன் தூணோடு தூணாக நிற்கிறான்.

அவள் எழுந்தாள். இந்த மாதிரி நேரத்தில் பெண்கள் எழுந்து நிற்பதில்லை. எழுந்துவிட்டாள்.

"இந்த ஆளு பேச மாட்டாரு," என்று திடல் முழுக்கக் கேட்கச் சொன்னாள். "இவரு வாயில பேச்சு வர்றதுக்குள்ள அடுத்த மழை வந்துரும். இவரு மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன். விழாவுக்கு எங்களைக் கூப்பிடல, நாயை..."

"உக்காரு," என்றார் அனேசியோ.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. யார் பேசியது என்று ஒஸ்மார் திரும்பிப் பார்த்தான். டோராலிசி உட்கார்ந்தாள். தான் உட்கார்ந்துவிட்டோம் என்பதே அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"இருபத்திரெண்டு வருசம்," என்றார் அனேசியோ. "நான் ஒரு பேச்சை ஆரம்பிச்சா முடிக்கிறது இவ. ஆரம்பிக்கலைன்னாலும் முடிக்கிறது இவ. என் மனசுல என்ன இருக்குன்னு இவளுக்குத் தெரியுமாம். எனக்கே தெரியல, கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

எதிர்ப்பக்கத்துப் பெண்கள் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"மரம் ஏறி, கொட்டு வாங்கி, கண்ணு வீங்கி, தேன் எடுத்துட்டு வர்றது நான். ஊருக்குள்ள வந்து சேர்றதுக்குள்ள அது இவ கண்டுபிடிச்ச தேனு. குளிர்ல நெருப்புப் பக்கத்துச் சாம்பல்ல யாரு படுக்குறது? இவ குரங்கு. நடுவுல இவ. ஓரத்துல நானு. குரங்கு பொரண்டு படுத்தா தலைவன் எந்திரிச்சு எடம் விடணும்."

முப்பது பேரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க," என்றார். நிறுத்திவிட்டார்கள். "நாலு நாளா ஒரு கறையான் புத்துக்கு முன்னாடி என்னை நிக்க வச்சிருக்கா. கோவப்படு, கோவப்படுன்னு. புத்து எனக்கு என்ன செஞ்சுச்சு? அது ஒரு நாளாவது என் பேச்சுல குறுக்க வந்துச்சா?" அவர் கழுத்தில் நரம்பு புடைத்தது. "எங்க அம்மா செத்தாங்க. ஆறு மழையாச்சு. இவ அழுதா, ஊரே அழுதுச்சு. நான் வாயைத் திறந்தேன். 'நீ அழாத, நீ தலைவரு, ஜனங்க பாக்குறாங்க'ன்னா. மூடிட்டேன். இன்னைக்கு வரைக்கும் மூடித்தான் இருக்கு."

டோராலிசிக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை. சொல்லியிருப்பாள். ஆயிரம் சொல்கிறாள், அதில் ஒன்று. அவளுக்குக் காது இரண்டும் கொதித்தது. மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அனேசியோ திடலின் நடுவுக்கு நடந்து, ஜுராந்திரின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார். "இவளை யாரு எனக்குக் குடுத்தது? நீங்க. உங்க அப்பா என்ன சொன்னாரு? நல்லா சமைப்பா, நல்லா சுமப்பான்னாரு. பேசுவான்னு ஒரு வார்த்தை சொன்னாரா? மறைச்சுக் குடுத்தீங்க மச்சான். தெரிஞ்சே மறைச்சுக் குடுத்தீங்க."

ஜுராந்திரின் முகம் மலர்ந்தது. மழை பார்த்த தோட்டக்காரனுக்கு அப்படி மலரும். கால் வலியை மறந்து துள்ளி எழுந்தான்.

"எங்க வீட்டுப் பொண்ணையா சொல்ற?"

"உங்க வீட்டுப் பொண்ணைத்தான் சொல்றேன்."

"அவளுக்கு என்னடா குறைச்சல்? நாலு வயசுல என் வில்லை ஒடிச்சுட்டு, நான்தான் ஒடிச்சேன்னு எங்க அப்பன்கிட்ட எனக்கே அடி வாங்கிக் குடுத்தவடா அவ."

"பாத்தியா, தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் சொல்லல."

"நீ கேட்டியா? கண்ணு மூக்கைப் பாத்து வாயைப் பொளந்துட்டு நின்ன. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒஸ்மார் புகுந்தான், எதிர்ப்பக்கத்து ஆண்கள் புகுந்தார்கள், விழா வந்தது, பாலம் வந்தது, மின்னல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுகூட வந்தது. நாய்கள் பதினேழும் கட்சி பார்க்காமல் குரைத்தன. பெரியவர்கள் எல்லாம், இப்படி ஒரு சண்டை பார்த்து எத்தனை காலமாயிற்று என்று பின்னாளில் சொன்னார்கள். கடைசியில் இரண்டு மச்சான்களும் மூக்கோடு மூக்கு இடிக்க, குரல் போய், வெறும் காற்று வர நின்றார்கள். ஜுராந்திர் கையைத் தூக்கினான். அந்தக் கை அனேசியோவின் கழுத்து மாலையில் போய் நின்றது.

"இது என்ன மணி?" என்றான் கரகரப்பாக. "காட்டு மாப்ள."

அனேசியோ மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அடுத்த கணம் திடல் முழுக்க 'காட்டு, காட்டு' என்ற சத்தம்தான். கம்மல்கள் கைமாறின, அம்புகள் கைமாறின, கூடைகள் கைமாறின. ஒஸ்மாரின் உடம்பிலிருந்த நல்ல சட்டை ஆற்றங்கரை வரை போக வேண்டிய லாரிக்காரனின் தோளில் இருந்தது. லாரிக்காரன் ஆற்றங்கரைக்குப் போகப் போவதில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. "அவங்களுக்கு ரேடியோவுல சொல்லிக்கலாம், பொண்ணுக்கு அத்தை மகன் இருக்கான்னு," என்றான் ஜுராந்திர். இவோனி தன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, டோராலிசியின் அடுப்பருகே இறக்கினாள். வால்மீர் தூணைவிட்டு வெளியே வந்து மரவள்ளி அடையை இரண்டு கையாலும் தின்றான்.

டோராலிசி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவளோ வீட்டுக்குப் பின்னால் போய், யாரும் கேட்காத மரவள்ளியை எடுத்துத் துருவிக்கொண்டிருந்தாள். செலினா வந்து, "என்ன பேச்சு பேசுறாரு உன் வீட்டுக்காரரு, நீ குடுத்து வச்சவ," என்றாள். ஒஸ்மார் வந்து, "அண்ணி, புத்து வேலை செஞ்சுருச்சு," என்றான். அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். தேன் போகட்டும், குரங்கு போகட்டும். அம்மாவுக்காக அழக்கூட விடாமல் வாயை மூடவைத்த அந்த ஒன்றுதான் ஆறவில்லை. அண்ணனிடம் இவர் ஒரு முறை கோபப்படாததற்கே அவன் இரண்டு வருடம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தான். இவர் தன்னிடம் இருபத்திரெண்டு வருடம் கோபப்படவில்லை, அதைத் தன் சாமர்த்தியம் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வலித்தது. ஏதோ ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது, அதை நினைத்து இன்னும் எரிச்சலாக வந்தது.

அனேசியோ வந்து எதிரே குந்தினார். பழைய ஆளாகிவிட்டிருந்தார். "சாப்பிட்டியா புள்ள?"

அவள் துருவினாள்.

"அதெல்லாம் சும்மா சொன்னது. மச்சானுக்காக. கூட்டத்துல ஒண்ணு ரெண்டு சேந்து வரும்ல."

"பொய் சொல்லாத," என்றாள். "உனக்கு வராது." கிழங்கைக் கீழே வைத்தாள். "அத்தை செத்தன்னிக்கு நான் அப்படிச் சொன்னேனா?"

"ம்."

"இப்ப அழு."

"இப்பவா? ஆளுங்க இருக்காங்களே."

"இருக்கட்டும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "எங்க அம்மா..." என்று தொடங்கினார். அங்கேயே நின்றுவிட்டது. டோராலிசிக்கு மீதி தெரியும். அந்த அம்மாளைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று வார்த்தை வார்த்தையாகத் தெரியும், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவள் எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு அவருடைய தோள் குலுங்கியது, குரல் போன தொண்டையிலிருந்து கிழிந்த சத்தம் ஒன்று வந்தது, அனேசியோ அழுதார். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையும் மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை மறைக்காமல் அழுதார்.

ஜனங்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "என்னத்தைப் பாக்குறீங்க?" என்று டோராலிசி கத்தினாள். பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜுராந்திர் வந்தான்.

"மாப்ள எதுக்கு அழறாரு? மாலையைத் திருப்பிக் கேக்குறாரா?"

"அவங்க அம்மாவுக்கு."

"அவங்க போய் ஆறு வருசமாச்சே."

"இப்பதான் மொறை வந்திருக்கு."

ஜுராந்திர் சற்று யோசித்தான். பிறகு கால் வலியோடு மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கும் அத்தைதானே," என்று சொல்லிவிட்டு, அப்பாவிடமிருந்து வந்த அந்தப் பெரிய தொண்டையைத் திறந்து ஓவென்று ஒப்பாரி வைத்தான். அவன் அழுதால் அடுத்த ஊருக்குக் கேட்கும். கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அனேசியோவின் சத்தம் அதில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. டோராலிசி அண்ணனின் வாயைப் பொத்தக் கை நீட்டினாள்.

அதற்குள் அனேசியோ நிமிர்ந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வாயை மூடு மச்சான்," என்றார். "நான் இன்னும் முடிக்கல."